பாப்பாவின் டொபிப் பாட்டு

நோர்பரி, லண்டன்
08.02.1998

சேசு மரி சூசை துணை

அன்பின் பெர்னடெற் அக்கா,

குளிரைத் தவிர எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கள் முழங்கால் நோ எப்படி? "வாயில் வருகிறதை எல்லாம் எழுதாதே, நல்ல தமிழில் எழுது" என்று போன கடிதத்தில் ஏசியிருந்தீர்கள். இந்த முறை ரீச்சரின் தம்பி மாதிரி எழுதுகிறேன். ஆனால் இண்டைக்கு எழுதப்போற விசயத்துக்கு நல்ல தமிழ் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்குமோ தெரியாது.

நான் வேலை செய்கிற கிறிஸ்துராஜா அண்ணையின் கடைக்குக் கானா நாட்டில் இருந்து கிழங்குப் பெட்டி வந்தது. கிழங்குகளுக்கு நடுவில் ஒரு கசற். மட்டையில் பெரிய கொலர் வைத்த சேட்டோடு, கிற்றாரும் மீசையுமாக ஒரு மனுசன். பெயர் பாப்பா அசியாமா. அந்த நாட்டில் பெரிய ஆட்களை மரியாதையாகப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்களாம். அண்ணைக்கு அது தெரியாது. "மீசை வைச்ச பாப்பாவை இப்பதானடா பாக்கிறன்" என்று சிரித்தார்.

கடை ரேடியோவில் போட்டேன். அக்கா, நான் அந்த இடத்திலேயே முடிஞ்சன். கிற்றார் வாய்க்கால் தண்ணி மாதிரி ஓடுது. அவர் "அம்மா, அம்மா" எண்டு கெஞ்சுறார். ஒரு பொம்பிளைக் குரல் "டொபி, டொபி" எண்டு பதில் சொல்லுது. மற்றச் சொல் ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் விளங்க வேண்டிய ரெண்டும் விளங்கிட்டுது. செபமாலை முடியும்வரை எங்கட அம்மா டொபி இனிப்பைக் கைக்குள்ளே பொத்தி வைச்சிருப்பாவே, நாங்கள் ரெண்டு பேரும் 'அருள் நிறைந்த' சொல்லிக்கொண்டு அந்தக் கையையே பாத்துக்கொண்டு இருப்பமே. ஆபிரிக்காவில ஒருத்தர் அதைப் பாட்டாகவே பாடி வைச்சிருக்கிறார். கடையில் நின்று அழுதுவிட்டேன். வெங்காயம் என்று அண்ணைக்குச் சொன்னேன்.

கசற்றைப் பதிந்து அனுப்பியிருக்கிறேன். குரோய்டன் லைப்ரரியில் இன்டர்நெட் இருக்கிறது. நானே பார்த்துப் பழகி, அவருக்காக ஒரு ஹோம் பேஜ் கட்டிவிட்டேன். உலகத்தில் அவருக்கு இருக்கிறது அது ஒன்றுதான்.

செபத்தில் என்னையும் நினைக்கவும்.

அன்புத் தம்பி,
யாக்கோப்பு

பி.கு. மெற்றில்டா மாமி உங்களுக்குப் பேசின சட்டன் ஊர் மாப்பிள்ளை விசயமாக உங்கள் பதிலைக் கேட்கிறா. கணக்காளர், சொந்த வீடு, எங்களைப் போல வேதக்காரர். ஓமோ இல்லையோ என்று ஒரு வரி எழுதவும்.

*

கொட்டாஞ்சேனை, கொழும்பு
11.03.1998

அன்புள்ள தம்பி யாக்கோப்புக்கு,

கடிதமும் ஒலிநாடாவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. என் முழங்கால் படியேறும்போது மட்டும் முறையிடுகிறது. மற்றபடி குறைவில்லை. நீ கம்பளிச் சட்டை போடாமல் திரிவதாக மாமி எழுதியிருந்தார். போடு.

ஹோம் பேஜ் கட்டியதாக எழுதியிருந்தாய். இந்த வயதில் வீடு கட்டியது பெருமைதான். ஆனால் ஒரு பாடகருக்காக ஏன் கட்டினாய், பேஜ் என்பது நோர்பரிக்கு எந்தப் பக்கம், பாதரை அழைத்து வீட்டை மந்திரித்தாயா என்பதை எல்லாம் நீ எழுதவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர் கோபாலகிருஷ்ணன் சேர், அது வீடாக இருக்க முடியாது என்கிறார். நிரூபணம் இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளாத மனிதர்.

பாட்டையும் அவருடைய கசற் பெட்டியில்தான் கேட்டோம். அம்மாவின் கை எனக்கும் நினைவுக்கு வந்தது. என்னுடைய ஞானப்பாட வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் பாடமாக்கிவிட்டார்கள். செப்டெம்பரில் மாதா பிறந்தநாள் விழாவில் இதைப் பாட வைக்கலாம் என்று யோசிக்கிறேன். தாயிடம் பிள்ளை கேட்கும் பாட்டு மாதாவுக்குப் பொருத்தம்தானே.

மாமிக்கு என் அன்பு.

அன்பு அக்கா,
பெர்னடெற்

*

நோர்பரி
19.04.1998

அன்பின் அக்கா,

தும்மலோடு தடிமன் ஒன்று வந்து போனது. கம்பளிச் சட்டை போடுகிறேன். ஹோம் பேஜ் வீடு இல்லை, கொம்பியூட்டரில் இருக்கிற ஒரு பக்கம். சேர் சொன்னது சரி. அதை விடுங்கள். கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

பாப்பா அசியாமா எங்கட கோயிலிலதான் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் காணிக்கைப் பை கொண்டு வருகிற உயரமான மனுசன் அவர்தான். போன கிழமை பாட்டுக்கு மெல்லமாக இரண்டாம் குரல் எடுத்தார். பை எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. நான் காசு போடாமல் அவரின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மாமி விலாவில் இடித்தா. பூசை முடியக் கலைத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன். இங்கிலீசில் கதைத்தது, உங்களுக்காக எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் பாடகர் பாப்பா அசியாமாவோ?"

"இல்லை."

"கசற்றில இருக்கிற மூக்கு இதுதான்."

"மூக்கு கன பேருக்கு இருக்கு, தம்பி."

"இந்த மூக்கு கன பேருக்கு இல்லை."

அதுக்குப் பிறகுதான் சிரித்தார். ஐம்பத்தேழு வயது. குமாசி என்ற பட்டணத்தில் தச்சனின் மகனாகப் பிறந்து, தகப்பன் கழித்துப் போட்ட பலகையில் முதல் கிற்றாரைத் தானே செய்தாராம். இருபது வயதில் சொந்தமாகப் பாட்டுக் கட்டினார். 74இல் இந்த 'அம்மா' பாட்டு வந்த பிறகு அவர் ரோட்டில் நடக்கவே ஏலாதாம். 82இல் அங்கே ஊரடங்குச் சட்டம். இரவில் ஆட்கள் வெளியில் வர முடியாவிட்டால் இரவுக் கச்சேரி எப்படி நடக்கும்? எங்களுக்கு இது ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. லண்டனுக்கு வந்தார். 86இல் ஒரு எல்.பி. பதிந்தார். அது வெளிவருகிறதுக்கு முதல் கொம்பனியே காணாமல் போய்விட்டது. இப்ப ரெயில் ஸ்ரேசனில் ரிக்கெற் பார்க்கிறார். "பிளாட்போம் நம்பர் ரூ" என்று அவர் அறிவிக்கிறதைக் கேட்க வேண்டும், அக்கா. சனம் ரெயினை விட்டுப்போட்டு நிற்கும்.

"அந்தப் பாட்டு உங்கட அம்மாவுக்குத்தானே?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரு அமா இருக்கிறா" என்றார். அம்மாவை அவர் அமா என்றுதான் சொல்லுவார் போல. அதை அப்படியே ஹோம் பேஜில் போட்டுவிட்டேன். டொபிக் கதையையும் விளக்கமாக எழுதியிருக்கிறேன்.

டொபி என்றதும் இன்னொன்று. எங்கள் கோயிலுக்கு வருகிற போன்சு அன்ரி என்ற கானா நாட்டு நேர்ஸ் கடைக்கும் வருவா. ஒவ்வொரு கிழங்கையும் தூக்கிப் பார்த்து "டொபி, டொபி" என்று தலையாட்டிவிட்டுத் திரும்ப வைப்பா. நான் ஒவ்வொரு முறையும் ஒரு டொபி கொடுக்கிறேன். ஒரு மாதிரிப் பார்த்தாலும் வாங்கிக்கொள்ளுவா. அந்த நாட்டுச் சனத்துக்கு டொபியில் அவ்வளவு விருப்பம்.

உங்கள் முழங்காலுக்குச் சித்தாலேப தைலம் தடவவும்.

யாக்கோப்பு

பி.கு. சட்டன்?

*

கொட்டாஞ்சேனை
24.05.1998

அன்புள்ள தம்பிக்கு,

தடிமன் திரும்பாமல் பார்த்துக்கொள். இங்கே வெயிலுக்குப் பிள்ளைகளே வாடிப்போகிறார்கள்.

பாட்டுப் பழக்கம் நன்றாகப் போகிறது. பாதர் அர்த்தம் கேட்டார். நீ எழுதியதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபாலகிருஷ்ணன் சேர் அதே மெட்டுக்குத் தமிழில் நான்கு வரி கட்டித் தந்தார். அவர் சைவக்காரர். ஆனாலும் சனிக்கிழமைகளில் குடையோடு வந்து கோயில் வாசலில் நின்று, பழக்கம் முடியும்வரை கேட்கிறார். உள்ளே வரலாம் என்று சொன்னேன். "கூப்பிட்டால் வருவேன், ரீச்சர்" என்றார். சொன்னதும் கூப்பிட்டதும் ஒன்றில்லையாம்.

அவருக்கு ஒரு சந்தேகம். டொபி கேட்பது பிள்ளை என்றால், 'டொபி' என்ற சொல் ஏன் பெண்குரலில் வருகிறது? அதுவும் ஏன் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு வருகிறது? நீ என்ன நினைக்கிறாய்?

சட்டனில் இந்தக் காலத்தில் மழை எப்படி?

அன்பு அக்கா,
பெர்னடெற்

*

நோர்பரி
21.06.1998

அன்பின் அக்கா,

சுகம் எல்லாம் கிடக்கட்டும். ஜேர்மனியில் ஒரு இசைத்தட்டுக்காரர் என்ர ஹோம் பேஜைப் பாத்துப்போட்டு ஈமெயில் போட்டிருக்கிறார். பாப்பாவின் பழைய பாட்டுகளைச் சீடியாகக் கொண்டுவரலாமாம், ஆனால் அவர் இன்னும் பாடுவார் எண்டு தெரிய வேணுமாம். நான் பிறின்ற் எடுத்துக்கொண்டு ஸ்ரேசனுக்கு ஓடினன்.

"பாட மாட்டன்," என்றார். பதினாறு வருசமாக மேடையில் ஏறவில்லையாம்.

"கோயில் கூரை ஒழுகுது. அதுக்குக் காசு சேர்க்கிற கச்சேரி யூலையில. கடவுளுக்காகப் பாடுங்கோ."

"என்னை நம்பியோ கடவுள் கூரையைப் பிரிச்சவர்?"

கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை, 'அமா' பாட்டுப் பாட மாட்டாராம். ஏன் என்று கேட்டால், "அது பதில் சொல்ல ஆள் வேண்டிய பாட்டு" என்கிறார். அது இல்லாமல் என்ன கச்சேரி? நிகழ்ச்சித் தாள் நான்தான் அடிக்கிறேன். கடைசிப் பாட்டாக அதைப் போட்டுவிட்டேன். அடித்த பிறகு என்ன செய்வார்?

உங்கள் கணக்குச் சேரிடம் சொல்லுங்கள், பாட்டைக் கணக்குப் பார்க்கக் கூடாது. தாய் டொபியைக் காட்டிக்காட்டிச் சிரிக்கிறா, அவ்வளவுதான்.

சட்டன் மாப்பிள்ளையின் படம் வைத்திருக்கிறேன். சட்டனில் மழை எல்லா இடத்தையும் போலத்தான். ஏன் கேட்டீர்கள்?

யாக்கோப்பு

*

கொட்டாஞ்சேனை
19.07.1998

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ சாப்பாட்டு நேரத்தை ஸ்ரேசனில் செலவழிக்காதே.

படம் கிடைத்தது. தெளிவாக இருக்கிறது. சட்டை நன்றாகத் தைத்திருக்கிறார்கள்.

சென்ற சனிக்கிழமை அடை மழை. கோபாலகிருஷ்ணன் சேர் குடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போனார். மூன்று நாள் காய்ச்சல். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், பள்ளிக்கூடத்தில் யார் காய்ச்சல் என்றாலும் கொடுப்பதுதான்.

உன் பாடகரிடம் ஒன்று கேட்டுச் சொல். அந்தப் பாட்டில் ஒரே கேள்வியை எத்தனை தரம் கேட்கிறார். பதில் வராமலே கேட்டுக்கொண்டிருக்க ஒருவருக்கு அலுக்காதா? பாட்டுச் சம்பந்தமாகத்தான் கேட்கிறேன்.

பெர்னடெற்

*

நோர்பரி
29.08.1998

அக்கா,

சுகம் விசாரிக்க நேரம் இல்லை. பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடக் கூடாது. உடனே நிப்பாட்டுங்கோ. ஒரு மாதமாக இதை எழுத வெக்கப்பட்டுப் பேனையை எடுத்து எடுத்து வைச்சனான்.

கச்சேரி அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. எல்லாருக்கும் என் தாளைக் கொடுத்தேன். கடைசிப் பாட்டுக்குக் கீழே பெரிய எழுத்தில் அடித்திருந்தேன்: 'அமா. திரு. அசியாமா தன் தாயாரிடம் டொபி கேட்டுப் பாடியது.' பாப்பா நாலு பாட்டுப் பாடினார். சனம் கதிரையை ஒதுக்கிப்போட்டு ஆடுது. பாதரே தாளம் போடுறார். அந்த நேரம் பார்த்து நடுவில் ஒரு ஆள் எழும்பினா. கையில் என் தாள். போன்சு அன்ரி.

"இதை எழுதினது யார்?"

நான் கை உயர்த்தினேன். பெருமையாகத்தான் உயர்த்தினேன், அக்கா.

"இவருக்கு நான் அம்மாவோ? இவர் எனக்கு ரெண்டு வயசு மூப்பு."

அன்ரி மிச்சத்தையும் அங்கேயே சொன்னா. சனிக்கிழமை பிறந்த பெண்பிள்ளைக்கு அவர்கள் வைக்கிற பெயர் அமா. அன்ரிதான் அந்த அமா. கசற்றில் கேட்கிற பெண்குரலும் அவதான், பாப்பாவின் குழுவில் பாடினவ. அவர் "அமா, என்னைக் கட்டுவியோ?" என்று கேட்கிறார். அவ சொல்லுகிறது டொபி இல்லை. 'டாபி'. அவர்களின் ட்வி மொழியில் அதுக்கு 'இல்லை' என்று அர்த்தம். கடையில் கிழங்கு பிடிக்காமல் 'இல்லை, இல்லை' எண்டு சொன்ன மனுசிக்கு நான் ஒவ்வொரு முறையும் டொபி நீட்டியிருக்கிறன்.

பிறகு அவ நேர்சுக்குப் படிக்க லண்டன் வந்தா. சில வருசத்தில் அவரும் வந்தார். அண்டைக்குத் தொடக்கம் ஒரே கோயிலில் அவர் இடப்பக்கம், அவ வலப்பக்கம். காணிக்கைப் பையை வலப்பக்கத்துக்கு அவர் கொண்டுபோகவே மாட்டார்.

மேடையில் பாப்பா என் தாளை வாசித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எனக்குச் சாகலாம் போல் இருந்தது. சிரிக்கிறார். கிற்றாரை எடுத்து அந்தப் பாட்டையே தொடங்கினார். "அமா" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். பதில் இல்லை. திரும்பக் கேட்டார். பதில் இல்லை. மூன்றாம் முறை, நின்ற இடத்தில் இருந்தே அன்ரி சுருதி பிசகாமல் "டாபி" என்று பாடினா. சனம் கூரையைக் கிளப்பிவிட்டது. இருக்கிற கூரையும் போகப்போகுது என்று பாதர் கத்தினார்.

ஆக, கலியாணம் கேட்டு மாட்டன் எண்டு சொல்லுற பாட்டை உங்கட பிள்ளைகள் மாதாவுக்கு முன்னால பாடப் போகினம். இந்தக் கடிதம் நேரத்துக்கு வந்து சேர வேணும் எண்டு மண்டாடுறன்.

யாக்கோப்பு

*

கொட்டாஞ்சேனை
16.09.1998

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. விழா சென்ற வாரமே முடிந்துவிட்டது.

நாற்பது பிள்ளைகளும் மாதாவின் சுருபத்தைப் பார்த்து "டொபி, டொபி" என்று, அதாவது "இல்லை, இல்லை" என்று சிரித்துச் சிரித்துப் பாடினார்கள். விருந்தினராகக் குருமுதல்வர் வந்திருந்தார். ஆயருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர், சிரித்து யாரும் கண்டதில்லை. பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் அவருக்கு ஒரு டொபி கொடுத்தார்கள். வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை பாடச் சொன்னார்.

ஆகவே கவலைப்படாதே. மாதா கோபிப்பவர் இல்லை. உன் கடிதத்தைக் கோபாலகிருஷ்ணன் சேருக்கு வாசித்துக் காட்டினேன். தன் சந்தேகம் நிரூபணமாகிவிட்டது என்று அவர் மகிழ்வார் என்று எண்ணினேன். அவரோ "மூன்றாம் முறையும் 'இல்லை'தானா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மொழியில் 'ஓம்' என்பதற்கு என்ன சொல் என்று விசாரித்து எழுது. அவசரமில்லை. ஆனால் பிந்தாதே.

பெர்னடெற்

*

நோர்பரி
25.10.1998

அன்பின் அக்கா,

அந்தச் சொல் 'ஆனே'. எங்கட ஆனையைக் கொஞ்சம் இழுத்துச் சொன்ன மாதிரி.

ஜேர்மன்காரருக்காக அந்தப் பாட்டைப் புதிதாகப் பதிந்தோம். குரோய்டனில் ஒரு பெடியன் கராஜில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறான். பதில் சொல்ல ஆள் வேண்டுமே, அன்ரியைக் கேட்கப் பாப்பாவுக்குப் பயம், என்னை அனுப்பினார். அன்ரி கிழங்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "வாறன். அவரை நல்ல சேட் போட்டுக்கொண்டு வரச் சொல்லு" என்றா.

எல்லாம் சரியாகப் போனது. ஒவ்வொரு கேள்விக்கும் "டாபி, டாபி". கடைசிக் கேள்விக்கு அன்ரி "ஆனே" என்று பாடினா. பாப்பாவின் விரல் நின்றுபோனது. ஸ்ரூடியோப் பெடியன் மைக்கில், "அன்ரி, கடைசிச் சொல் பிழைச்சுப் போச்சு, திருப்பிப் பாடுங்கோ" என்றான்.

"பிழைக்கேல்லை," எண்டா.

இருபத்துநாலு வருசம் ஏன் மாட்டன் என்றீர்கள் என்று ரெயினில் திரும்பி வரும்போது கேட்டேன். "முதலே ஓம் எண்டிருந்தா அந்தப் பாட்டு முதல் வரியோட முடிஞ்சிருக்கும்" என்றா. பிறகு மெதுவாக, "எனக்குப் படிக்க வேண்டி இருந்தது, பிறகு ரோசம், பிறகு பழக்கம்" என்றா. பாப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவரின் முகம் யன்னலில் சிரிக்குது.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப வாசித்தேன். அக்கா, எனக்கு ட்வி விளங்கேல்லை எண்டால் ஞாயம் இருக்கு. தமிழும் விளங்கேல்லைப் போல. சேருக்குக் காய்ச்சல் சுகமோ? உங்களை அவர் கேட்டவரோ?

மாமிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சட்டன் ஆட்கள் நத்தார் பண்டிகைக்கு முதல் பதில் வேண்டும் என்கிறார்கள். என்ன சொல்ல?

யாக்கோப்பு

*

கொட்டாஞ்சேனை
29.11.1998

அன்பின் தம்பி,

முழங்கால் நோ குறைஞ்சிருக்கு. பாத்தியே, நானும் வாயில வாறதை எழுதத் தொடங்கிட்டன். இதை நல்ல தமிழில எழுதினால் அடுத்த வருசம்தான் முடிப்பன்.

ஓம், கேட்டவர். மூண்டு வருசத்தில மூண்டு தரம். ஒவ்வொரு முறையும் நான் சிரிச்சுப்போட்டு வகுப்புக்குப் போயிடுவன். அவர் சைவம், நான் ஞானப்பாட ரீச்சர், மாமி அழுவா, பாதர் என்ன சொல்லுவார் எண்டு எனக்கு நானே நிரூபணம் காட்டிக்கொண்டிருந்தன். நாற்பது பிள்ளைகளைக்கொண்டு 'இல்லை' பாடுவிச்சுப்போட்டு, உன்ர கடிதத்தை அவருக்கு வாசிச்ச அண்டைக்குத்தான் என்ர குரல் எனக்கே கேட்டுது.

உன்ர பதில் வந்த சனிக்கிழமை அவர் வாசலில குடையோட நிண்டார். நான் போய், "உள்ளுக்கு வாங்கோ" எண்டு கூப்பிட்டன். வந்தார். பிள்ளைகள் போனாப்போல, "ஆனே" எண்டன்.

"ஆனையோ? எங்கை, ரீச்சர்?" எண்டு ரோட்டைத் திரும்பிப் பாத்தார்.

கலப்புத் திருமணத்துக்கு அனுமதி குடுக்கிறது குருமுதல்வர்தான். பாதர் பயந்து பயந்து போய்க் கேட்டவராம். "ஆர், அந்த டொபிப் பாட்டு ரீச்சரோ?" எண்டு கேட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்தாராம்.

தை மாதம் கலியாணம். சீடி வந்தால் அனுப்பு, கடைசிச் சொல்லைப் பிள்ளைகளுக்குத் திரும்பப் பழக்க வேணும். பாப்பாவுக்கும் அமா அன்ரிக்கும் என்ர வணக்கம். மாமி எப்பிடியும் அழுவா, பக்கத்தில இருந்து ஒரு டொபி குடு. சட்டனுக்கு நீ சொல்ல வேண்டிய சொல் உனக்கு இப்ப நல்லாத் தெரியும்.

ஆனை எங்கை எண்டு தேடினவருக்குப் பிறகு எங்கட தமிழிலேயே 'ஓம்' எண்டன். அதுக்கு அவர் நிரூபணம் கேக்கேல்லை.

கம்பளிச் சட்டையைக் கழட்டாதே.

உன் அக்கா,
பெர்னடெற்